இங்கிலாந்தில் காட்டு வகுப்பு எடுக்கப் போகிறீர்களா? முதலில் விசாவைப் பாருங்கள்

இங்கே பள்ளிகள் பிள்ளைகளை மரங்களுக்கு நடுவே கூட்டிப்போய்ப் பாடம் நடத்த, வெளியாட்களை நாள் கணக்கில் கூப்பிடுவதுண்டு. ஊரில் சாரணர், என்சிசி, வாத்தியார் வேலை என்று பழகியவர்களுக்குத் தோதான தொழில். இப்படி நாள் கூலிக்குப் போவது சுயதொழில் கணக்கில் வரும். ஆனால் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் விசாவைப் பாருங்கள். மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது, சனிக்கிழமை ஒரு நாள் என்றாலும் கூடாது. இங்கே படிப்பு முடித்த பின் வாங்கும் கிராஜுவேட் விசாவில் செய்யலாம். ஸ்கில்டு வொர்க்கர் என்னும் வேலை விசாக்காரரின் கணவனோ மனைவியோ செய்யலாம்.

அடுத்தது என்ஹான்ஸ்டு டிபிஎஸ், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்பவர்களின் குற்றப் பின்னணியைப் பார்க்கும் சோதனை. கையில் வந்த சான்றிதழை, அதில் உள்ள தேதியிலிருந்து 30 நாளுக்குள், அதையே பள்ளிக்குப் பள்ளி காட்ட உதவும் அப்டேட் சர்வீஸ் என்னும் இணையச் சேவையில் பதிந்துவிடுங்கள். தவறினால் அடுத்த பள்ளிக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். புதிதாக வந்தவர்களிடம் ஊர் போலீஸ் சான்றும் கேட்பார்கள். கிளம்புமுன்பே வாங்கி வந்தால் அலைச்சல் மிச்சம். ஸ்காட்லாந்து என்றால் டிபிஎஸ் இல்லை, அங்கே அதற்கு ஈடான சோதனை பிவிஜி.

காட்டு வகுப்பு நடத்துவோருக்கான தகுதிப் படிப்பான ஃபாரஸ்ட் ஸ்கூல் லெவல் 3 படிக்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள் என்பேன். 16 மணி நேர வெளிப்புற முதலுதவிப் பயிற்சியை மட்டும் முடித்துவிட்டு, ஒரு குளிர்காலம் யாரோடாவது தன்னார்வலராகப் போங்கள். ஜனவரி மழையில் முப்பது பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டிவிட்ட பிறகும் ஆசை இருந்தால் பணம் கட்டலாம். அனுபவசாலி தார்ப்பாயைக் கட்டுமுன் அண்ணாந்து பார்ப்பார். 2012இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்ட பூஞ்சை நோயால் ஆஷ் மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. காற்றே இல்லாமலும் கிளை விழும். பிறகு பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து ஒரு சுற்று வருவார், கண்ணில் குத்தும் முள் எங்கே இருக்கிறது என்று. நெட்டில் செடி நம்ம ஊர்க் காஞ்சொறி மாதிரிதான், பயப்பட ஒன்றுமில்லை. உண்ணிதான் வினை. லைம் என்னும் பாக்டீரியா நோயைப் பரப்பும். முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் பார்க்கும்படி பெற்றோருக்குச் சொல்லி அனுப்புங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம்.

மலையேற்றம், பாறையேற்றம், குகை, படகு பக்கம் தனியாகப் போகாதீர்கள். 1993இல் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லைம் விரிகுடாவில் கயாக் (சிறு துடுப்புப் படகு) ஓட்டிய நான்கு பதின்வயதினர் இறந்த பின், 1995இல் சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இவற்றைக் காசுக்கு நடத்த உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற மையத்தின் கீழ் வேலை செய்வதே நல்லது.

சுயதொழில் வரவு வருடத்துக்கு 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த வரியாண்டு முடிந்த பின் வரும் அக்டோபர் 5க்குள் வரித்துறையான எச்எம்ஆர்சியில் பதிய வேண்டும். உங்கள் வேலையால் பிறருக்குக் காயமோ சேதமோ வந்தால் ஈடுகட்டும் பொதுப் பொறுப்புக் காப்பீடு (பப்ளிக் லயபிலிட்டி) இல்லாமல் பள்ளி வாசலே தாண்ட முடியாது. பலர் கோட்டை விடுவது கார் காப்பீட்டில்: பள்ளி பள்ளியாக ஓட்டுவதற்கு பிசினஸ் யூஸ், அதாவது தொழிலுக்காக ஓட்டும் பயன்பாடு, சேர்த்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் பள்ளி கிடையாது, வருமானமும் கிடையாது. பல பள்ளிகள் பில் கொடுத்து ஒரு மாதம் கழித்துத்தான் பணம் போடும். காலையில் கூப்பிட்டு "மழை, இன்றைக்கு வேண்டாம்" என்றால் பாதிக் கூலியாவது உண்டு என்பதை, முதல் மின்னஞ்சலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், இங்கே எல்லோரும் கேட்பதுதான்.