லிவிங் வில்: வெண்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதி வைப்பது எப்படி?

ராத்திரி இரண்டு மணிக்கு ஐசியு வாசலில் ஒரு நர்ஸ் படிவத்தை நீட்டி, "ட்யூப் போடணும், கையெழுத்துப் போடுங்க" என்றார். அப்பாவுக்கு அதில் சம்மதமா என்று அங்கே நின்ற எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. அவரிடம் யாரும் கேட்டதே இல்லை.

இனிப் பிழைக்க வழியில்லை என்ற நிலையில், உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் (இதைத்தான் லிவிங் வில் என்கிறார்கள்) என உச்ச நீதிமன்றம், காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்தும் கேட்டார்கள், சாமானியருக்கு அது பெரிய அலைச்சல். 2023 ஜனவரியில் அதைத் தளர்த்திவிட்டார்கள். இப்போது 18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையில் இருக்கும் யாரும் இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும்.

எழுதும்போது மழுப்ப வேண்டாம். "என்னைக் கஷ்டப்படுத்தாதீர்கள்" என்று எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது, வாசகம் தெளிவாக இல்லை என்றால் மருத்துவக் குழு அதைச் செயல்படுத்தவும் செய்யாது. வெண்டிலேட்டர், டயாலிசிஸ், மூக்கு வழியே உணவுக் குழாய், நின்ற இதயத்தை மறுபடி இயக்குவது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எந்த நிலையில் வேண்டாம் என்றும் எழுதுங்கள். உங்கள் சார்பில் முடிவு சொல்ல ஒருவருக்கு மேல் பெயர் கொடுங்கள். நீங்கள் பேச முடியாதபோது அவர்களுடைய சம்மதத்தைத்தான் கேட்பார்கள், அதனால் அழுது உடைந்துபோகிறவரை விட, உங்கள் சொல்லுக்காகச் சொந்தக்காரர்கள் எதிரே நிற்கக்கூடியவரைத் தேர்ந்தெடுங்கள், உட்கார வைத்துப் பேசுங்கள்.

அப்புறம் நகல்கள். முடிவு சொல்ல நீங்கள் பெயர் கொடுத்தவர்களுக்கு ஒன்று, குடும்ப டாக்டருக்கு ஒன்று, மாநகராட்சி, நகராட்சி அல்லது பஞ்சாயத்தில் இதற்குப் பொறுப்பான அதிகாரியிடம் ஒன்று. பீரோவில் பூட்டி வைத்தால் அந்த ராத்திரிக்கு உதவாது.

அந்த நிலை வந்தால் ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் கொண்ட குழு பார்க்கும், பிறகு இன்னொரு குழுவும் பார்க்கும், அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் ஒருவர் இருப்பார். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். ஊசி போட்டு உயிரை முடிப்பது இதில் சேராது, அது இன்றும் குற்றம்தான்.

மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம். அப்படிச் செய்தால் கொடுத்த பழைய நகல்களை எல்லாரிடமும் மறக்காமல் திரும்ப வாங்கிவிடுங்கள்.