கடற்காற்றில் வேலி வெட்டும் இயந்திரத்தின் அலகைப் பேணுவது எப்படி?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்று படும் வீடுகளில், வேலி வெட்டும் இயந்திரத்தின் அலகு மழுங்கும் முன்பே துருப்பிடித்துவிடுகிறது. செவ்வரத்தைக் கொப்புகள் வெட்டுப்படாமல் நார்நாராகக் கிழிந்து தொங்கினால், உடனே தீட்டிவிடுங்கள். கிழிந்த கொப்பு நுனியிலிருந்து கருகும்.

முதலில் மின் இணைப்பையோ பற்றரியையோ கழற்றுங்கள்; பெற்றோல் இயந்திரமானால் ஸ்பார்க் பிளக் வயரை எடுத்துவிடுங்கள். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம். தடித்த கையுறை அணிந்து, காய்ந்த பிசினை மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் துடையுங்கள்.

தட்டை அரத்தைப் பல்லின் சரிவில், ஏற்கெனவே உள்ள கோணத்திலேயே படியவைத்து, வெட்டு முனையை நோக்கி ஒரே திசையில் தள்ளுங்கள். முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தால் அரமும் கெடும், விளிம்பும் கெடும். பளபளப்பான புது உலோகம் தெரிந்ததும் அடுத்த பல்லுக்குப் போகலாம். மேல் அலகு மறைக்கும் பற்களுக்காக, கருவிகளை அகற்றிவிட்டு இயந்திரத்தை ஒரு கணம் ஓடவிட்டு நிறுத்தி, மீண்டும் இணைப்பைக் கழற்றுங்கள். பின்புறம் சுருண்டு நிற்கும் பிசிறை எண்ணெய்க் கல்லால் மெல்லத் தேய்த்தெடுங்கள். மின்சாரச் சாணையை நான் பரிந்துரைக்க மாட்டேன். சூடேறி எஃகு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் கூர் நிற்காது.

ஒவ்வொரு முறை வெட்டிய பிறகும் தையல் இயந்திர எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். ஐப்பசி மழைக்கு முன் இன்னொரு முறை பூசி, உறையிட்டு, நிலத்தில் படாமல் உயரத்தில் மாட்டிவையுங்கள்.