தெருவில் ஒருவர் மீது திருட்டுச் சந்தேகமா? கிட்டே போய்ப் பேசும் முறை, படிப்படியாக

ராத்திரி பதினோரு மணி. எதிர்வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சுற்றுச்சுவர் ஓரமாக முன்பின் தெரியாத ஒருவர் நிற்கிறார். இந்த மாதிரி நேரத்தில் நாம் கதவைச் சாத்திக்கொள்வோம், இல்லாவிட்டால் பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு கத்தியபடி ஓடுவோம். இரண்டுமே சரியில்லை. இரண்டு பேராகப் போய் மரியாதையாக ஒரு கேள்வி கேட்கலாம். அதை எப்படிச் செய்வது என்று, இதுவரை செய்து பழகாதவர்களுக்காக எழுதுகிறேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2018 பிப்ரவரியில், கோவையை ஒட்டிய கேரள அட்டப்பாடியில், கடைகளில் அரிசியும் சாமானும் திருடினார் என்ற சந்தேகத்தில் ஓர் ஆதிவாசி இளைஞரைக் காட்டுக்குள் போய்ப் பிடித்து, கையைக் கட்டி அடித்தார்கள். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். போலீஸ் கையில் ஒப்படைத்த கொஞ்ச நேரத்தில் அவர் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மன்னார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதே 2018 மே மாதம் நம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்கு வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து அடித்ததில் 65 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது.

படி 1: பார்த்தது எது, நினைத்தது எது?

போனை எடுத்து, கண்ணால் பார்த்ததை மட்டும் இரண்டு வரியில் எழுதுங்கள். "பூட்டிய கேட்டை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார்." இது பார்த்தது. "ஆளே சரியில்லை" என்பது நினைத்தது. அழுக்குச் சட்டை, தோளில் சாக்கு, இந்தியில் பேசுவது, ஊசிமணி பாசிமணி விற்பது, இவை எதுவும் திருட்டுக்கு அடையாளம் இல்லை. பிறப்பை வைத்தே முழுச் சமூகங்களையும் குற்றவாளிகளாகப் பதிவு செய்த 1871-ஆம் ஆண்டுச் சட்டம் எப்போதோ ஒழிந்தது. அந்தப் பார்வையை நம் தெருவில் நாம் தொடர வேண்டியதில்லை.

எழுதிய பிறகு பார்த்தது ஒன்றுமே இல்லை என்று தெரிந்தால், விளக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும்.

படி 2: வெளியே போகும் முன் போன்

112 அல்லது 100. தமிழ்நாடு போலீஸின் "காவல் உதவி" செயலியும் இருக்கிறது. "திருடன் வந்துட்டான், சீக்கிரம் வாங்க" என்றால் ரோந்து வண்டிக்கு வழி தெரியாது. தெருப் பெயர், பக்கத்தில் உள்ள கோயிலோ ரேஷன் கடையோ, எத்தனை பேர், என்ன செய்கிறார்கள், வண்டி இருந்தால் அதன் நம்பர், இதையெல்லாம் சொல்லுங்கள்.

ஆள் பூட்டை உடைக்கிறார், வீட்டுக்குள் இருக்கிறார், கையில் கத்தியோ கடப்பாரையோ இருக்கிறது என்றால் இந்தப் படியோடு நில்லுங்கள். வெளியே போகாதீர்கள். உள்ளிருந்தபடியே எல்லா விளக்கையும் போட்டு, சத்தம் கொடுத்து, அக்கம்பக்கத்தை எழுப்புங்கள். பொருள் போனால் போகட்டும்.

படி 3: யார் போவது, எப்படி நிற்பது

இரண்டு பேர் போங்கள். கூட்டம் வேண்டாம். ஆள் சேரச் சேர யார் முதலில் கை வைத்தார் என்றே தெரியாமல் அடி விழுந்துவிடும். குடித்திருப்பவரையும் முன்கோபக்காரரையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மூன்றாவதாக ஒருவர் வாசலில் நின்று போனோடு பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

கையில் கட்டை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கட்டையைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் பயந்து முந்திக்கொள்வார். டார்ச் போதும், அதையும் முகத்தில் அடிக்காமல் அவர் காலடியில் அடியுங்கள். ஏழெட்டு அடி தள்ளியே நில்லுங்கள். அவர் போவதற்கு ஒரு பக்கம் வழி இருக்க வேண்டும், சந்து முனையை மறித்துக்கொண்டு நிற்காதீர்கள். மாட்டிக்கொண்டோம் என்று நினைக்கும் ஆள்தான் ஆபத்தானவர்.

படி 4: பேச்சு

இதுதான் முக்கியமான இடம். முதல் வாக்கியம்:

"அண்ணே, யாரைப் பாக்கணும்?"

வயதானவர் என்றால் ஐயா, சின்னப் பையன் என்றால் தம்பி. பெண் என்றால் உங்கள் தெருப் பெண் ஒருவரே "யாரும்மா வேணும்?" என்று கேட்பது நல்லது. "டேய், யார்ரா நீ" என்று ஆரம்பித்தால், நல்லவருக்கும் கோபம் வரும், பதில் வராது.

கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் பேசட்டும். வாடகைக்கு வீடு தேடி வந்தவராக இருக்கலாம், சவாரிக்குக் காத்திருக்கும் டிரைவராக இருக்கலாம், மனநலம் சரியில்லாமல் வழி தவறியவராகவும் இருக்கலாம். ஒரு பெயரைச் சொன்னால் அடுத்த வாக்கியம்:

"அவங்க நம்பர் இருக்கு, கூப்பிட்டுத் தரட்டுமா?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. உண்மையிலேயே வேலையாக வந்தவருக்கு இது உதவி, அவர் முகம் தெளியும். வேறு நோக்கத்தோடு வந்தவர் "இல்ல, அப்புறம் வரேன்" என்று நகரப் பார்ப்பார். நகரட்டும். கடைசியாக இதைச் சொல்லுங்கள்:

"இங்க ராத்திரியில புதுசா யார் வந்தாலும் கேக்குறது வழக்கம். தப்பா எடுத்துக்காதீங்க."

நிரபராதியின் மரியாதை குறையாது. திருட வந்தவருக்கு, தன் முகத்தைப் பார்த்துவிட்டார்கள் என்று புரிந்துவிடும்.

பையைத் திறக்கச் சொல்லாதீர்கள், ஆதார் கேட்காதீர்கள், சட்டையில் கை வைக்காதீர்கள். அந்த அதிகாரம் நமக்குக் கிடையாது. அவர் எகிறினால் குரலைத் தாழ்த்தி "சரிங்க, போங்க" என்று இரண்டடி பின்னால் வாருங்கள். ஓடினால் துரத்த வேண்டாம். எந்தப் பக்கம் ஓடினார் என்று போலீஸுக்குச் சொல்லுங்கள்.

படி 5: கையும் களவுமாகப் பிடிபட்டால்

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு, பொதுமக்களுக்கும் ஒருவரைப் பிடித்து வைக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் குற்றம் உங்கள் கண் முன்னால் நடந்திருக்க வேண்டும். அது வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றமாகவும் இருக்க வேண்டும். வீடு புகுந்து திருடுவது அந்த வகை. பிடித்தவரைத் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். வெறும் சந்தேகத்தில் ஒருவரை அடைத்து வைத்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். கம்பத்தில் கட்டுவது, அடிப்பது, மொட்டை அடிப்பது எதுவும் கூடாது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தால், அவருக்குச் சமூக சேவையைத் தண்டனையாக விதிக்கச் சொல்கிறது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா. அந்த அளவுக் குற்றத்துக்குத் தெருவில் வைத்து எலும்பை உடைப்பது எந்த விதத்தில் நியாயம்?

படி 6: சந்தேகம் தெரிந்தவர் மேல் என்றால்

வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பக்கத்து வீட்டுப் பையன், பெயின்ட் அடிக்க வந்தவர். முதலில் வீடு முழுக்க இன்னொரு தடவை தேடுங்கள். அரிசிப் பானை, பழைய ஹேண்ட்பேக், பீரோ அடித்தட்டு வரை. அப்புறம் தனியாகக் கேளுங்கள், நாலு பேர் முன்னால் வேண்டாம். "நீதானே எடுத்தே?" என்று ஆரம்பிக்காமல், "பீரோவுல வச்ச தோட்டைக் காணோம்க்கா, கூட்டும்போது எங்கயாவது கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்கலாம். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வது, மை போட்டுப் பார்ப்பவரிடம் போவது, சம்பளத்தைப் பிடித்து வைப்பது, மூன்றையும் நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஏழையின் பெயரைக் கெடுத்தால் அவருக்கு அந்தத் தெருவில் வேறு வீட்டிலும் வேலை கிடைக்காது. சந்தேகம் வலுவாக இருந்தால் ஸ்டேஷனில் புகார் கொடுங்கள், விசாரிப்பது அவர்கள் வேலை.

படி 7: அதற்குப் பிறகு

திருட்டு நடந்திருந்தால் உடைந்த பூட்டையும் கதவையும் தொடாதீர்கள், கைரேகை அழியும். கேமரா பதிவை உடனே தனியாக எடுத்து வையுங்கள், பழைய பதிவின் மேல் புதியது தானாகவே பதிந்துவிடும். புகார் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. ஸ்டேஷனில் பதிய மறுத்தால் புகாரை எழுத்தில் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், சென்னை மாதிரி நகரங்களில் கமிஷனர் அலுவலகத்துக்கு.

அந்த ஆளின் போட்டோவைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நேரம், இடம், நடந்தது, போலீஸுக்குச் சொல்லியாகிவிட்டது, இவ்வளவு எழுதினால் போதும். அவர் வீடு தேடி வந்தவர்தான் என்று மறுநாள் தெரிந்தால், அதையும் அதே குழுவில் எழுதுங்கள். அவர் அந்தத் தெருவுக்கே குடிவரக்கூடும்.