ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு ரயிலில்: வண்டி மாறும் இடங்களைத் திட்டமிடுவது எப்படி?

பிரஸ்ஸல்ஸிலிருந்து சூரிச்சுக்கு ரயிலில் போகிறீர்கள். ஆப்பில் தேடினால், ஜெர்மனியில் உள்ள கொலோனில் 12 நிமிடம், சுவிஸ் எல்லை நகரமான பாசெலில் 8 நிமிடம் இடைவெளியில் வண்டி மாறச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாகப் போகிறவர்கள் அந்த 8 நிமிடத்தைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். நான் யோசிப்பது கொலோனைப் பற்றி.

முதலில் வழியைத் தேடுங்கள். ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பானின் டிபி நேவிகேட்டர் ஆப், ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளின் ரயில் நேரங்களையும் காட்டும். டிக்கெட்டை வேறு எங்கே வாங்கினாலும், நேரம் பார்க்க இது போதும்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி: இந்த வண்டி போய்விட்டால் அடுத்தது எப்போது? பாசெலிலிருந்து சூரிச்சுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். பகலில் அரை மணிக்குள் அடுத்த வண்டி வந்துவிடும். அங்கே 8 நிமிடம் தாராளம். தவறினாலும் ஒரு காபி குடிக்கிற நேரம்தான் நஷ்டம். கொலோனில் அப்படி இல்லை. பாசெலுக்கு நேராகப் போகும் வண்டியை விட்டால் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க நேரலாம், முன்பதிவு செய்த இருக்கையும் போய்விடும். ஜெர்மனியில் தாமதம் அடிக்கடி நடப்பது. 2024ல் டாய்ச்ச பானின் நெடுந்தூர வண்டிகளில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் 6 நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை அவர்கள் தாமதமாகவே கணக்கில் எடுப்பதில்லை.

அதனால் கொலோனில் 45 நிமிடமாவது விடுங்கள். தேடும்போதே, மாறுவதற்குக் குறைந்தபட்சம் எத்தனை நிமிடம் வேண்டும் என்று ஆப்பில் குறிப்பிடலாம். அந்த நேரம் வீணாகாது. ஸ்டேஷன் வாசலைத் தாண்டினாலே கொலோன் பேராலயம் நிற்கிறது, பெட்டியை இழுத்துக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எந்த இடத்திலும் அன்றைய கடைசி வண்டியை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அப்புறம் ஸ்டேஷன் பெயரை முழுதாகப் படியுங்கள். சில அதிவேக வண்டிகள் கொலோன் மத்திய ஸ்டேஷனுக்கு வராமல், ரைன் நதிக்கு அக்கரையில் உள்ள மெஸ்ஸே டாய்ட்ஸில் நின்று போய்விடும். பாரிஸில் இன்னும் கவனம் வேண்டும். லண்டனிலிருந்து யூரோஸ்டாரில் வந்தால் இறங்குவது கார் து நோர் ஸ்டேஷனில். சூரிச்சுக்கு டிஜிவி என்ற பிரெஞ்சு அதிவேக வண்டி கிளம்புவது கார் து லியோன் ஸ்டேஷனிலிருந்து. நடுவே நகர ரயிலில் மாற வேண்டும். பெட்டி படுக்கையோடு ஒரு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷாப்பெல் கார் து நோருக்குப் பக்கத்தில்தான். அங்கே சாப்பிட ஆசைப்பட்டால் இரண்டு மணி நேரம் வேண்டும்.

டிக்கெட் விஷயத்தில் கறாராக இருங்கள். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால், முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டாலும் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரயில் நிறுவனத்தின் பொறுப்பு. 2023 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சேருமிடத்துக்கு 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடமானால் 50 சதவீதம் இழப்பீடு கேட்கலாம். மிக மோசமான வானிலை போன்ற காரணங்களுக்கு இது கிடையாது. தனித்தனி டிக்கெட் கொஞ்சம் மலிவாக இருந்தாலும், மாறும் நேரம் குறைவு என்றால் நான் வாங்கமாட்டேன்.

கிளம்பும் நாளன்று ஆப்பில் பிளாட்பார எண்ணை இறங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், கடைசி நேரத்தில் மாற்றுவார்கள். ஜெர்மனியில் பிளாட்பாரம் ஏ, பி, சி என்று பகுதி பகுதியாக இருக்கும். உங்கள் ரயில் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று தெரிந்துகொண்டு அங்கே நில்லுங்கள்.

வண்டி தாமதமாகிறது என்று தெரிந்ததும், ஓடும் வண்டியிலேயே டிக்கெட் பரிசோதகரிடம் போய்ச் சொல்லி, தாமதத்தை டிக்கெட்டிலோ தாளிலோ எழுதி வாங்குங்கள். கவுன்டரில் மாற்று வண்டி கேட்கும்போது அதைக் காட்டலாம். ஊர் திரும்பியதும் இழப்பீட்டு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள், டாய்ச்ச பான் தரும் அவகாசம் 3 மாதம்தான்.