‘லை’ எங்கே, ‘லே’ எங்கே? தொடக்க நிலையினருக்கான செய்முறை

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அடிக்கடி தடுமாறும் வினைச்சொற்கள் லை (lie: கிட, படு), லே (lay: கிடத்து, வை) ஆகிய இரண்டும். தமிழ் அறிந்தவருக்கோ இந்த வேறுபாடு புதிதன்று; ‘கிட’ என்னும் தன்வினைக்கும் ‘கிடத்து’ என்னும் பிறவினைக்கும் இடையில் உள்ளதுதான் அது.

படி 1: ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்று கேளுங்கள். விடை கிடைத்தால் லே, கிடைக்காவிட்டால் லை. புத்தகத்தை மேசைமேல் வைக்கிறேன் என்பதில் ‘எதை?’ என்ற கேள்விக்கு விடை இருப்பதால் ‘ஐ லே தி புக் ஆன் தி டேபிள்’ என்கிறோம். புத்தகம் தானாகக் கிடக்கும்போது ‘தி புக் லைஸ் ஆன் தி டேபிள்’. கோழி முட்டையிடுவதும் கொத்தனார் செங்கல் வைத்துக் கட்டுவதும் லே. மருத்துவர் நம்மைப் படுக்கச் சொல்லும்போது ‘லை டவுன்’ என்பதே சரி.

படி 2: காலத்தைப் பாருங்கள். உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது, ஏனெனில் லை என்பதன் இறந்தகால வடிவமும் லே என்றே அமைந்திருக்கிறது. ஆகவே நேற்றுப் படுத்ததைச் சொல்ல ‘ஐ லே டவுன் யெஸ்டர்டே’ என்று சொல்ல வேண்டும். பலர் எழுதும் ‘ஐ லெய்ட் டவுன்’ பிழை. ஹேவ், ஹேட் ஆகியவற்றின் பின் லை என்பது லெய்ன் ஆகும். பேச்சில் இது அரிது. லே என்பதற்கோ இரண்டு இடத்திலும் லெய்ட்தான்.

ஆங்கிலத்தில் இத்தகைய இணை வேறும் உண்டு. ஃபால் என்றால் விழு. மரத்தை வெட்டி வீழ்த்துவது ஃபெல். அங்கும் ஃபால் என்பதன் இறந்தகாலம் ஃபெல் என்றே வருவது, கற்பவரைச் சோதிப்பதற்கென்றே செய்த ஏற்பாடு போலத் தோன்றும்.

படி 3: பொய் சொல்வதைக் குறிக்கும் லை என்பதைத் தனியே வையுங்கள். எழுத்தும் ஒலிப்பும் ஒன்றாயினும் அதன் வேர் வேறு, இறந்தகாலம் லைட்.

படி 4: எழுத்துக்கூட்டைச் சரிபாருங்கள். லெய்ட் என்பதை எல், ஏ, ஐ, டி என்று எழுத வேண்டும். லே என்பதோடு இ, டி சேர்ப்பது பிழை.

இனி ஒரே வாக்கியத்தில் இரண்டையும் பயன்படுத்திப் பாருங்கள். குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு நானும் படுத்தேன்: ‘ஐ லெய்ட் தி பேபி இன் தி கிரேடில் அண்ட் லே டவுன் மைசெல்ஃப்.’