ஓட்டு இல்லாத வருஷங்களில்: அமெரிக்கா வந்து இறங்கிய டெல்டாக்காரர்களுக்கு

மன்னார்குடியிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ வந்து இறங்கியவருக்கு வாடகை வீடு, வங்கிக் கணக்கு, மளிகைக் கடை பற்றிச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். இந்த ஊர் அரசாங்கத்தோடு எப்படிப் பழகுவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதில் முதலில் ஓர் எச்சரிக்கை.

டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போகும் இடத்திலேயே, வாக்காளராகப் பதிவு செய்துகொள்கிறீர்களா என்று கேட்பார்கள். 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான மாநிலங்களில் அப்படிக் கேட்டாக வேண்டும். படிவத்தில் கட்டத்தைக் கண்டால் டிக் அடித்துவிட்டு நகர்வது நம் பழக்கம். இந்தக் கட்டத்தில் மட்டும் வேண்டாம். எச்1பி வேலை விசா, எஃப்1 மாணவர் விசா, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு எதுவானாலும் நீங்கள் இன்னும் குடிமகன் இல்லை. குடிமகன் என்று தவறாகச் சொல்லிப் பதிவு செய்தால், ஓட்டே போடாவிட்டாலும் பின்னாளில் குடியுரிமை கிடைக்காமல் போகலாம், நாடுகடத்தப்படவும் நேரலாம். கவுன்டரில் இருப்பவரே "பரவாயில்லை" என்றாலும் "இல்லை" என்றே குறியுங்கள். மேரிலாந்தின் சில சிற்றூர்களில் உள்ளூர்த் தேர்தலுக்கு மட்டும் குடிமக்கள் அல்லாதவர்களும் வாக்களிக்கலாம். அது விதிவிலக்கு, அதை நம்பி வேறு ஊரில் பெயர் கொடுக்காதீர்கள்.

பணத்திலும் கவனம். கிரீன் கார்டு இல்லாதவர் எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூடத் தரக் கூடாது, ஊர்க் கவுன்சில் தேர்தலாக இருந்தாலும் சரி. தெரிந்தவர் ஒருவர் நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் நீட்டினால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். டிக்கெட் காசும் நன்கொடைதான்.

அப்படியானால் ஓட்டு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதுதானா? இல்லை. 'லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ்' என்ற அமைப்பின் கிளை உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கிறதா என்று பாருங்கள். 1920 பிப்ரவரியில், பெண்களுக்கு ஓட்டுரிமை தந்த 19-வது சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பே, அந்த உரிமைக்காகப் போராடிய கேரி சாப்மன் கேட் சிகாகோவில் தொடங்கியது இது. புதிதாக ஓட்டுப் பெறப்போகும் பெண்கள் விவரம் தெரிந்து வாக்களிக்க வேண்டும் என்பது நோக்கம். பெயரைப் பார்த்து ஆண்கள் ஒதுங்க வேண்டாம், 1973 முதல் அவர்களும் உறுப்பினராகலாம்.

"சரி, இது எந்தக் கட்சி?" என்றுதான் நம்மவர்கள் முதலில் கேட்பார்கள். கொடிக்கம்பம் இல்லாத முக்கு நம்மூரில் ஏது, சந்தேகம் வரத்தான் செய்யும். இவர்கள் எந்தக் கட்சியையும் வேட்பாளரையும் ஆதரிப்பதுமில்லை, எதிர்ப்பதுமில்லை. அதற்காகக் கருத்தே இல்லாதவர்கள் என்றும் எண்ண வேண்டாம். ஒரு பிரச்சினையைப் படித்து, உறுப்பினர்கள் கூடிப் பேசி, நிலைப்பாடு எடுப்பார்கள், வழக்கும் போடுவார்கள். 1976, 1980, 1984 அதிபர் தேர்தல் விவாதங்களை நடத்தியது இவர்கள்தான். 1988-ல் இரண்டு வேட்பாளர்களின் ஆட்களும் தங்களுக்குள் விதிகளைப் பேசி முடித்துக்கொண்டு வந்தபோது, இதில் எங்கள் பெயர் வேண்டாம் என்று விலகிவிட்டார்கள். என் கணக்கில், நடத்தியதைவிட விலகியதுதான் பெரிய விஷயம்.

புதிதாக வந்தவருக்கு இவர்களால் நேரடிப் பயன் ஒன்று உண்டு. பல கிளைகளில் உறுப்பினர்கள் நகரக் கவுன்சில், பள்ளி வாரியக் கூட்டங்களுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். அவர்களோடு ஒரு மாலை போய் உட்காருங்கள். குப்பை வரி எப்படி ஏறுகிறது, பள்ளிப் பேருந்துத் தடம் யாரால் மாறுகிறது என்பதெல்லாம் கண்முன்னே நடக்கும். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வெளியிட்டுவிடுவார்கள். பொதுமக்கள் பேசவும் நேரம் உண்டு. பெரும்பாலும் பாஸ்போர்ட்டை யாரும் கேட்பதில்லை.

கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில், கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை நனைகிறது என்று எழுந்து முழங்கிய பெரியப்பாக்களின் வாரிசுகள் நாம். பேசுவதற்குக் கூச்சம் இருக்காது. ஆனால் இங்கே தருவது இரண்டு, மூன்று நிமிடம்தான். மேடையில் இருப்பவர்களுக்கு வரிசையாக வணக்கம் வைத்தால் அதிலேயே நேரம் போய்விடும். நிரலில் எத்தனையாவது பொருள், உங்களுக்கு என்ன வேண்டும், இரண்டையும் முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

இனி ஊர் விஷயம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவரை ஊரில் உங்கள் ஓட்டு உங்களுடையதே. 2010-ல் வந்த சட்டத் திருத்தப்படி, படிவம் 6-ஏ கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியில் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதியலாம். தபால் ஓட்டு கிடையாது. அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் போய் நிற்க வேண்டும். விமான டிக்கெட் விலையைப் பார்த்தால் பலருக்கு ஆகாத காரியம்.

ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது. ஏ.டி.ஆர். என்ற ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தை 1999-ல் அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் தொடங்கினார்கள். அவர்கள் போட்ட வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால்தான் வேட்பாளர்கள் குற்ற வழக்கு, சொத்து, படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தருகிறார்கள். இவர்களின் 'மைநேதா' இணையதளத்தில் அவற்றைத் தொகுதிவாரியாகப் பார்க்கலாம். அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவதானால் எல்லா வேட்பாளருடையதையும் அனுப்புங்கள். பிடிக்காதவருடையதை மட்டும் அனுப்பினால் அது பிரசாரம்.

கிராம சபையையும் விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்திருக்கின்றன. நீங்கள் போக முடியாது. வீட்டில் இருப்பவர்கள் போகலாம், கேள்வியை நீங்கள் எழுதிக் கொடுக்கலாம். ஊர்க் குளத்துக்கு எவ்வளவு செலவானது, எந்த வாய்க்கால் எவ்வளவு தூரம் தூர்வாரப்பட்டது என்று அளவோடு கேட்கச் சொல்லுங்கள். ஆறும் பெரிய வாய்க்கால்களும் நீர்வளத் துறையிடம் இருப்பதால் ஊராட்சியில் கையை விரிப்பார்கள். அப்போது துறைக்கு அனுப்பத் தீர்மானம் போடச் சொல்ல வேண்டும். மேட்டூர் திறப்பது வழக்கமாக ஜூன் 12. கடைமடைக்காரர்கள் தூர்வாரும் கேள்வியை ஆகஸ்ட் 15-க்குத் தள்ளிப்போட்டுப் பயனில்லை, மார்ச் 22-லேயே கேட்டுவிட்டு மே 1-ல் பதிலைக் கேட்கட்டும்.