கோணல் கொம்பில் ஒரு வில்

நேரான, கணு இல்லாத மரம் கிடைத்தால்தான் வில் செய்வேன் என்று இருந்தால் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் யாரும் வில் செய்யவே முடியாது. கோணல் கொம்பே போதும்.

மரத்தில் என் முதல் தேர்வு சடச்சி. நன்றாக வளையும், சட்டென்று ஒடியாது. காட்டுக்குள் போய் வெட்டாதீர்கள்; தெரிந்தவர் தோட்டத்தில் கழிக்கிற கிளையைக் கேட்டு வாங்குங்கள். மணிக்கட்டை விடத் தடிமன், உங்கள் உயரத்துக்கு நீளம் இருக்கட்டும்.

பச்சையாக இருக்கும்போதே பட்டையை உரித்து, ஆப்பு அடித்து நீளவாக்கில் பிளந்துவிடுங்கள். ரம்பம் நாரை அறுத்துவிடும். பிளந்தால் மரம் தன் ரேகைப்படி பிரியும். இரண்டு முனையிலும் பெயிண்ட் பூசி வீட்டுக்குள் நிழலில் போடுங்கள். பாலக்காட்டுக் கணவாயில் வீசும் ஆடிக் காற்றில் திண்ணையில் கிடந்தால் முனையிலிருந்து வெடிப்பு ஓடிவிடும். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் மரம் காய்ந்தது.

அப்புறம் ஒரு நூலை முனைக்கு முனை இழுத்துப் பிடியுங்கள். அது கைப்பிடியின் நடுவே போனால் போதும், இடையில் மரம் பாம்பாக நெளிந்தாலும் கவலையில்லை. நூல் வெளியே விழுந்தால் மட்டும் அந்த இடத்தை ஆவியில் வாட்டி வளைத்துக் கட்டுங்கள்.

இனி வருவதுதான் வில்லின் உயிர். பட்டை இருந்த பக்கம் முதுகு, அது இலக்கைப் பார்க்கும். அங்கே கத்தி படவே கூடாது. இழுக்கும்போது விரிவது முதுகுதான். ஒரு நார் அறுந்தாலும் முறிவு அங்கிருந்து தொடங்கும். செதுக்குவதெல்லாம் நம்மைப் பார்க்கும் வயிற்றுப் பக்கம்தான். கணு வந்தால் அதைச் சீவிச் சமமாக்க வேண்டாம். நார்கள் கணுவைச் சுற்றி வளைந்து போவது கண்ணுக்கே தெரியும். அந்த வளைவோடு பென்சிலால் கோடு போட்டு, அந்த இடத்தில் வில்லை அகலமாகவே விடுங்கள். கறுத்து, நகம் பட்டால் உதிர்கிற கணு என்றால் அந்தக் கொம்பு விறகுக்குத்தான்.

வயிற்றைச் சுரண்ட முதலில் அரம், கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லு. கிரைண்டர் வேண்டவே வேண்டாம், ஒரு நொடியில் தேவைக்கு மேல் தின்றுவிடும். கொஞ்சம் சுரண்டுங்கள், இருபது முப்பது முறை லேசாக வளைத்து விடுங்கள், பிறகு தள்ளி நின்று பாருங்கள். அதிகம் வளைகிற இடத்தைத் தொடாதீர்கள். விறைப்பாக நிற்கிற இடத்தில் மட்டும் சுரண்டுங்கள். வில்லின் இரண்டு கையும், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள பாகங்கள், ஒரே மாதிரி வளையும்வரை முழு இழுப்பு கூடாது.

1802-இல் பழசி ராஜாவின் படைத்தலைவர் தலக்கல் சந்துவோடு ஆங்கிலேயரின் பனமரம் கோட்டையைப் பிடித்த வயநாட்டுக் குறிச்சியர் பழங்குடியினர் வில்லாளிகள்தான். நம் மலைகளுக்கு வில் அவ்வளவு சொந்தம். ஆனால் வேட்டையைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. வைக்கோல் பொதியில் மட்டும் எய்யுங்கள்.

பின்சேர்க்கை: செய்து முடித்த வில் முறிந்ததாகச் சிலர் எழுதினார்கள். கேட்டால், அம்பு வைக்காமல் நாணை இழுத்து விட்டிருக்கிறார்கள். வெறும் நாணை விடவே கூடாது, விசை முழுக்க மரத்துக்கே திரும்பிவிடும். எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள்.